பாட்டுக்காரங்க பேர்ல சென்ட்டு போட்டா ஓடுமா? ஓப்பரா விஷயம் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா

கொழிஞ்சாம்பாறை பையன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் இங்க கொழிஞ்சாம்பாறை பக்கம் சின்னதா ஊதுவத்தி, சாம்பிராணி, ரோல்-ஆன் அத்தர் யாவாரம் பண்றேன், அப்பா காலத்துல இருந்து இருக்கற கடைதான், பொள்ளாச்சில இருந்து வர்றவங்களும் வாங்குவாங்க சித்தூர் பாலக்காட்டுக்காரங்களும் வாங்குவாங்க. விசயம் என்னன்னா எங்க அத்தை, அப்பா கூடப்பொறந்தவங்க, இங்க ஒரு ஸ்கூல்ல 31 வருசம் பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. பெரிய மேடைலெல்லாம் பாடுனதில்ல, கோயில்ல பாடுவாங்க, நவராத்திரிக்கு பாடுவாங்க, ஆனா அவங்ககிட்ட பாட்டு படிச்ச புள்ளைங்க ஊரெல்லாம் இருக்கு, கல்ஃப்ல மட்டும் ஒரு முப்பது நாப்பது பேரு இருப்பாங்க.

வர்ற சித்திரைல அத்தைக்கு 70 ஆகுது. அந்த புள்ளைங்கள்லாம் சேந்து ஏதோ விழா எடுக்கறாங்க. அதுல துபாய்ல இருக்கற ஒருத்தர் (நல்ல வசதி, நல்ல மனசும்தான், குத்தம் சொல்லல) எனக்கு போன் பண்ணி, டீச்சர் பேர்ல ஒரு பெர்ஃப்யூம் விடலாம், 500 பாட்டல், 30 எம்.எல், நீதான் பண்ணித் தரணும், காசு நான் போடறேங்கறாரு. நான் சிரிச்சுட்டேன். அதுக்கு அவரு அமெரிக்கால ஒரு பெரிய ஓப்பரா பாடகி பேர்ல இப்படி சென்ட்டு வந்துச்சு, அவங்க பேரு ரெனே ஃப்ளெமிங், நீயே பாத்துக்கன்னு அனுப்பி விட்டுட்டாரு.

அத்தைகிட்ட சொன்னேன். "ஏன்டா, செத்தாத்தான்டா என் படத்துக்கு முன்னாடி ஊதுவத்தி ஏத்துவீங்க, அதுக்குள்ள என்ன அவசரம்"னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

எனக்கு தெரிய வேண்டியது இதுதான். அந்த ஓப்பரா கதை நெசமா? நெசம்னா அது எப்படி போச்சு, எதுக்கு பண்ணாங்க? எனக்கு ஓப்பரான்னா குண்டா ஒரு அம்மா கொம்பு வச்ச தொப்பி போட்டுட்டு கண்ணாடி உடையற மாதிரி கத்துவாங்கங்கறது தவிர ஒண்ணும் தெரியாது. அப்புறம் சென்ட்டுல ஸ்பிரிட் கலந்து பண்றதெல்லாம் எனக்கு பழக்கமில்ல, எண்ணெய் அத்தர்தான் பழக்கம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெக்கார்டு பைத்தியம்

கொம்பு வச்ச தொப்பின்னு சொன்னதுக்கு உங்கள மன்னிச்சு விடறேன் தம்பி :)

கதை நெசம்தான். ரெனே ஃப்ளெமிங் அமெரிக்க சொப்ரானோ, அதாவது பொம்பளைங்க குரல்லயே உசரமான ஸ்தாயி. அவங்க பேர்ல வந்த சென்ட்டு பேரு "லா வோச்சே", இத்தாலிய பாஷைல "குரல்"னு அர்த்தம். வந்தது 2008ல. பண்ணிக் குடுத்தது கோட்டிங்கற சென்ட்டு கம்பெனி. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா, வித்த காசு நியூயார்க்ல இருக்கற மெட்ரோபாலிட்டன் ஓப்பராவுக்கு போற மாதிரி வச்சிருந்தாங்க. அவங்க தனியா கடை போட்டு லாபம் பாக்க கெளம்பல, கோயில் திருப்பணிக்கு நம்மூர்ல காலண்டர் அடிச்சு விக்கற மாதிரின்னு வச்சுக்கங்களேன், ஆனா கொஞ்சம் காஸ்ட்லி காலண்டர்.

அந்த வருசம் ஏன்னு கேட்டா, 2008 செப்டம்பர் 22ஆம் தேதி மெட் ஓப்பராவோட சீசன் தொடக்க ராத்திரி முழுக்க அவங்கள மட்டும் வச்சு நடத்துனாங்க. 1883ல ஆரம்பிச்ச எடம் அது, அதுவரைக்கும் எந்த பொம்பளையும் அந்த தொடக்க ராத்திரிக்கு தனியா தலைமை தாங்குனதில்ல. மூணு ஓப்பராவுல இருந்து மூணு துண்டு பாடுனாங்க, மூணுக்கும் உடுப்பு தைச்சது லக்ருவா, லாகர்ஃபெல்ட், கலியானோன்னு பாரிஸ்ல பேர் போன மூணு பேரு. அப்ப சென்ட்டும் அதோட சேந்த அலங்காரம்தான். பாட்டு, பட்டு, வாசனை, எல்லாம் ஒரே முகூர்த்தம்.

இவங்க பேர்ல ஏற்கெனவே ஒரு இனிப்பு இருக்கு, 1999ல டேனியல் பூலூங்கற சமையல்காரர் பண்ணது, "லா டீவா ரெனே"ன்னு பேரு. 2004ல ஒரு ஐரிஸ் பூவுக்கும் அவங்க பேர வச்சாங்க. சாப்பாடு, பூ, அப்புறம் சென்ட்டு. அங்க இது புதுசில்ல. 1890கள்ல லண்டன் சவாய் ஓட்டல்ல எஸ்காஃபியேன்னு ஒரு சமையல்காரர், நெல்லி மெல்பாங்கற ஆஸ்திரேலியா பாடகிக்காக வெனிலா ஐஸ்க்ரீம் மேல பீச் பழத்த வச்சு பண்ணாரு, அதுதான் பீச் மெல்பா. பாடகி போய் நூறு வருசம் ஆகப்போகுது, பாட்டு கேட்டவன் ஒருத்தன் இல்ல, ஐஸ்க்ரீம் மட்டும் ஓட்டல் கார்டுல நிக்குது. மெல்பாங்கறதும் அவங்க சொந்தப் பேரு கெடையாது, மெல்போர்ன்காரிங்கறதால வச்சுக்கிட்டது, செம்பை செம்மங்குடின்னு ஊர்ப்பேரே ஆள்பேரா ஆன மாதிரி.

சென்ட்டுல முன்னோடின்னா மேரி கார்டன். 1874ல ஸ்காட்லாந்து அபர்டீன்ல பொறந்தவங்க, 1902ல பாரிஸ்ல டெபுசிங்கற இசையமைப்பாளரோட ஓப்பரால மெலிசாந்துங்கற நாயகி வேசத்துல மொத மொதல்ல வந்தது இவங்கதான். முதல் உலக யுத்தத்துக்கு முன்னாடியே ரிகோங்கற பாரிஸ் கம்பெனி "மேரி கார்டன்"னே பேர் வச்சு சென்ட்டு போட்டுச்சு, பவுடரும் வந்துச்சு. நெனச்சுப் பாருங்க, அது ஓடுனதுக்கு பாட்டு மட்டும் காரணமில்ல, சலோமி ஓப்பரால ஏழு திரை நடனத்த (மேல போத்துன துணிய ஒண்ணொண்ணா எடுத்துட்டே ஆடறது) வேற ஆள வச்சு ஆடாம அவங்களே ஆடி அமெரிக்கால பெரிய கலாட்டா ஆச்சு, போலீஸ் வந்து பாத்துட்டு போற அளவுக்கு. பேரு ஊர் வாய்ல இருந்துச்சு, சென்ட்டு ஓடுச்சு.

ஆனா எனக்கு புடிச்ச ஆளு லினா கவாலியேரி. இத்தாலிக்காரி, அதுவும் 1874தான். ஏழைக் குடும்பம், 15 வயசுல அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல, காப்பிக் கடைல பாடி பொழச்சு மேல வந்து 1900ல ஓப்பரா மேடை ஏறுனவங்க. 1906ல கரூசோங்கற பெரிய இத்தாலிய பாடகர் கூட மெட்ல பாடுனாங்க. குரல் சுமார்தான்னு அப்பவே சொல்லுவாங்க, அழகு மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. இவங்க என்ன பண்ணாங்கன்னா மேடைய கொறச்சுக்கிட்டு பாரிஸ்ல சொந்தமா அழகு நிலையம் தொறந்து க்ரீம், சென்ட்டுன்னு தானே யாவாரம் பண்ணாங்க, அழகுக் குறிப்பு புத்தகமும் 1914ல போட்டாங்க. அடுத்தவன் கம்பெனிக்கு பேர் குடுத்தது ஒரு ரகம், தானே கல்லாப்பெட்டில ஒக்காந்தது இன்னொரு ரகம். கடைசில 1944ல யுத்தத்துல ஃப்ளோரன்ஸ் பக்கத்துல குண்டு விழுந்து செத்துப்போனாங்க. ஃபொர்னசெத்தின்னு ஒரு இத்தாலிக்காரர் தட்டு தட்டா ஒரே பொம்பளை மூஞ்சிய வரைஞ்சு வச்சிருப்பாரு, வெள்ளைல கறுப்பு கோடு, பாத்திருப்பீங்க, அது இந்தம்மா மூஞ்சிதான்.

ஆம்பளைல பவரொட்டிங்கற இத்தாலிய பாடகர் பேர்லயும் 90கள்ல சென்ட்டு வந்துச்சு. மூணு டெனர்கள் (டெனர்னா ஆம்பளைங்க குரல்ல உசரமான ஸ்தாயி) கச்சேரி 1990ல உலகக் கோப்பை ஃபுட்பால் சமயத்துல ரோம்ல நடந்து அவரு ஃபுட்பால் பாக்கறவனுக்கெல்லாம் தெரிஞ்ச ஆளா ஆனதுக்கு அப்புறம். அந்த மனுசன் கைல எப்பவும் ஒரு பெரிய வெள்ளக் கைக்குட்டை, அதுல தெளிச்சுக்க ஒரு சென்ட்டு வந்தது பொருத்தம்தான்.

நெறைய எழுதிட்டேன், சாரி. வீட்டுல இதெல்லாம் கேக்க ஆளில்ல.

சும்மா கேக்குறேன்

எல்லாம் மார்க்கெட்டிங் ப்ரோ. பாடகியா வந்து பீக்கர்ல கலக்குனாங்க? கம்பெனிக்காரன் பத்து சாம்பிள் நீட்டுவான், இவங்க ஒண்ண மோந்து இது நல்லாருக்குன்னு சொல்லுவாங்க, போட்டோ எடுப்பாங்க. முடிஞ்சுது. 500 பாட்டல்ல 50 விக்கும், மீதி 450 உங்க கடைல தூசி புடிக்கும். துபாய்க்காரர் காசுன்னா பரவால்ல, பண்ணுங்க.

கல்பாத்தி மாமி

சும்மா கேக்குறேன்னு பேர வச்சுண்டு இந்தக் கொழந்தை கேக்கவே இல்லையே, தீர்ப்புன்னா சொல்லிட்டுப் போறது.

நானும் பாடறவதான், பெரிசா ஒண்ணும் இல்லை, ஆனா அம்பது வருஷமா தம்புராவோட இருக்கேன். நேக்குத் தெரிஞ்ச ஒண்ணு சொல்றேன் கேட்டேளா. பாடறவாளுக்கும் சென்ட்டுக்கும் ஆகவே ஆகாது. இங்க தேர் சமயத்துல சங்கீதோத்ஸவம் நடக்கும், நவம்பர்ல, தெரு முழுக்க ஜனம். ஒரு தடவை நான் பாட ஒக்காந்தப்போ முன் வரிசைல ஒருத்தர், மல்லு வேஷ்டி, தங்க பித்தான், பாட்டலோட கவுத்துண்டு வந்திருப்பார் போல இருக்கு. வர்ணம் முடிஞ்சு கல்யாணி ஆலாபனைக்கு நன்னா மூச்சை இழுக்கறேன், அது நேரா தொண்டைல போய் ஒக்காந்துடுத்து. காந்தாரத்துல நிக்க வேண்டியவ இருமிண்டு நிக்கறேன். பக்கத்துல வயலின்காரர் புண்ணியத்துக்கு நாலு நிமிஷம் வாசிச்சு ஒப்பேத்தினார். அந்த மனுஷரானா ரொம்ப ரசிச்சுத் தலைய ஆட்டிண்டு இருக்கார்!

பேசறப்போ மேலாக விடற மூச்சு வேற, பாடறப்போ அடி வயித்துலேருந்து இழுக்கற மூச்சு வேற. அவ்வளவு உள்ள போறப்போ காத்துல என்ன இருக்கோ எல்லாம் போகும். தொண்டைக்குள்ள அந்த ரெண்டு சவ்வும் ஈரமா இருந்தாத்தான் நாதம். வெளிநாட்டுல கோரஸ் பாடற கோஷ்டிகள்ல ஒத்திகைக்கு சென்ட்டு போட்டுண்டு வரப்படாதுன்னே சட்டம் வச்சிருக்கா. என் மாட்டுப்பொண் அங்க ஒரு சர்ச் கோரஸ்ல போய் பாடறா, அவ சொல்லித்தான் நேக்குத் தெரியும். அதனால ஒரு ஓப்பராக்காரி பேர்ல சென்ட்டுன்னா நேக்கு மொதல்ல வர சந்தேகம், அவ அதைப் போட்டுண்டு பாடுவாளாங்கறதாக்கும்.

நம்ம கச்சேரில வாசனை இல்லையான்னு கேட்டா, இருக்கு. வாசல்ல பன்னீர் தெளிப்பா, சந்தனம் குடுப்பா, கல்யாணக் கச்சேரின்னா தலைல மல்லிப்பூ. எல்லாம் சில்லுன்னு இருக்கற வாசனை, மூக்கை அறையாது.

அப்புறம் பாடகி பேர்ல சாமான் வரது நமக்கும் புதுசில்லை. எம்.எஸ். ப்ளூ தெரியாத பொம்மனாட்டி உண்டோ? காஞ்சீபுரத்துல முத்துச் செட்டியார் எம்.எஸ். அம்மாவுக்குன்னு நெய்ஞ்ச அந்த நீலம், இன்னிக்கும் கடைல போய் எம்.எஸ். ப்ளூ குடுங்கோன்னா எடுத்துப் போடுவான். அதுக்கு விளம்பரம் யார் பண்ணினா? அவ மேடைல கட்டிண்டு ஒக்காந்தா, பாத்தவா கேட்டா, வந்தது. மொதல்ல கட்டிண்டவ, அப்புறம்தான் பேர். உங்க அத்தை தினம் என்ன வாசனைல இருக்காளோ அதைப் பண்ணினா பேர் தன்னால ஒட்டும். துபாய்லேருந்து யாரோ தீர்மானம் பண்ணின வாசனைக்கு அத்தை பேரை ஒட்டினா அது லேபிள் மட்டும்தான்.

மறையூர்க்காரன்

மாமி சொன்னது சரி. நான் வேற பக்கத்துல இருந்து சொல்றேன்.

நான் மறையூர். சந்தனக் காட்டுக்கு பக்கத்துலதான் வீடு, ஆனா சந்தனத்துல நமக்கு ஒண்ணும் இல்லப்பா, பட்டா நெலத்துல தானா மொளச்சு நின்னாலும் நாமளா கோடாரி வைக்க முடியாது, ஃபாரஸ்ட்டுதான் வந்து எடுக்கணும், டிப்போல ஏலம் போகும். நம்ம பொழப்பு புல்தைலம். மலைல புல்ல அறுத்து செம்பு அண்டால அமுக்கி வச்சு தீய போட்டு, ஆவிய ஓடைத் தண்ணில குளுர வச்சு எடுப்போம். எண்ணெய் மேல மெதக்கும், தண்ணி கீழ நிக்கும். நூறு கிலோ புல்லுக்கு முந்நூறு நானூறு கிராம் கெடைக்கும், நல்ல வெயில் காலம்னா கொஞ்சம் கூட. மழைல அறுத்த புல்லு சும்மா தண்ணிதான். அந்த எண்ணெய்ல முக்கா பங்கு சிட்ரால்னு ஒரு சரக்கு, எலுமிச்ச வாசம் அதுதான். தரை தொடைக்கறதுல இருந்து சோப்பு வரைக்கும் எல்லாத்துக்கும் போகுது.

உங்க கணக்க பாப்போம். 500 பாட்டல் 30 எம்.எல்னா 15 லிட்டர். ஸ்ப்ரே சென்ட்டு கொஞ்சம் நிக்கற மாதிரி பண்ணா அதுல 15 சதவீதம் வாசனைக் காம்பவுண்டு, மீதி ஸ்பிரிட்டும் தண்ணியும். அப்ப காம்பவுண்டு மட்டும் ரெண்டேகால் லிட்டர். அதுல பத்துல ஒரு பங்கு நெசமான சந்தன எண்ணெய் போடணும்னா 225 எம்.எல். அதோட வெலைய ஒக்காந்துக்கிட்டுதான் கேளுங்க, நின்னுக்கிட்டு கேக்காதீங்க. ஏன் அந்த வெலன்னா மரம் வயிரம் ஏற குறைஞ்சது பதினஞ்சு இருவது வருசம், எண்ணெய் வயிரத்துலயும் வேர்லயும்தான் இருக்கு, மேல் கட்டைல ஒண்ணும் இல்ல.

மல்லியும் வேணும்னு துபாய்க்காரர் கேப்பாரு, எல்லாரும் கேப்பாங்க. மல்லிய அண்டால போட்டு ஆவில எடுக்க முடியாது, வெந்த பூ வாசம்தான் வரும். ஹெக்சேன்னு பெட்ரோல் மாதிரி ஒரு திரவத்துல ஊற வச்சு எடுக்கறாங்க, மொதல்ல மெழுகு மாதிரி வரும், அது கான்க்ரீட்டு, அத ஸ்பிரிட்ல கழுவி எடுத்தா அப்சல்யூட். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு தோராயமா ஒரு டன் பூ. உங்களுக்கு 100 கிராம் போதும்னா கூட நூறு கிலோ பூ. முகூர்த்தத்துக்கு மொத நாள் பூ என்ன வெல விக்கும்னு கல்யாணம் பண்ணவன கேளுங்க. குண்டு மல்லிய மொட்டா பறிச்சு ராத்திரி அது விரியறப்ப வாசம் ஏறுன பெறகுதான் ஃபேக்டரில போடுவாய்ங்க, பூவுக்கும் ஒரு நேரம் இருக்குல்ல, பாட்டுக்கு இருக்கற மாதிரி.

அதனால கடைல இருக்கற பெரிய பெரிய சென்ட்டுல முக்காவாசி லேப்ல செஞ்ச சரக்குதான், அதுல தப்பில்ல. ஆனா டீச்சர் பேர போட்டுட்டு "சுத்தமான சந்தனம்"னு லேபிள் அடிச்சு உள்ள வேற சரக்க ஊத்தாதீங்க. புள்ளைங்களுக்கு சுருதி சுத்தம் சொல்லிக் குடுத்தவங்க.

வாளையார் வண்டி

ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க தம்பி, கையெடுத்து கும்பிடறேன். நான் ஒரு சின்ன காஸ்மெட்டிக் யூனிட்ல பேப்பர் வேலை பாத்தவன். உங்க ஊரு எது? கொழிஞ்சாம்பாறை. சித்தூர் தாலூக்கா. கேரளா பூரா கள்ளு போற எடம், மாசத்துக்கு ஒருவாட்டி ஸ்பிரிட் புடிச்சாங்கன்னு பேப்பர்ல வர்ற எடம். அங்க போய் தோட்டத்து ஷெட்ல ரெண்டு கேன் ஸ்பிரிட் வச்சுக்கிட்டு "அத்தைக்கு சென்ட்டு பண்றேன் சார்"னு சொன்னா எவன் நம்புவான்? எங்க யூனிட்டுக்கு வந்த சரக்கு, சென்ட்டுக்குன்னே டி.இ.பி. கலந்து குடிக்க முடியாம பண்ணது, பில்லு பெர்மிட்டு எல்லாம் கைல, அப்படியும் ஒரு செக்போஸ்ட்ல ரெண்டு நாள் நிறுத்தி வச்சாங்க. டிரைவர் பாவம் வண்டிக்கு கீழயே படுத்து தூங்குனான், மூணாவது நாள் ஒருத்தர் வந்து கேனைத் தொறந்து மோந்து பாத்துட்டு தலை வலிக்குதுன்னு போகச் சொல்லிட்டாரு.

எண்ணெய் அத்தருக்கும் லைசென்ஸ் வேணும், அத மறந்துறாதீங்க. ஸ்ப்ரேயோ ரோல்-ஆனோ ரெண்டுமே காஸ்மெட்டிக்தான், 2020ல வந்த காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் படி ஸ்டேட் ட்ரக்ஸ் கன்ட்ரோல்தான் குடுக்கணும். உங்ககிட்ட ஏற்கெனவே இருந்தா சரி. இல்லன்னா லோன் லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு, லைசென்ஸ் வச்சிருக்கற யூனிட்ல அவங்க மெஷின்ல உங்க சரக்க பண்ணிக்கறது. லேபிள்ல பேச் நம்பர், லைசென்ஸ் நம்பர், என்னென்ன கலந்திருக்கு, தயாரிச்ச எடம், எப்ப வரைக்கும் யூஸ் பண்ணலாம், எல்லாம் அடிக்கணும். விழாவுல சும்மா குடுக்கறதுதானேன்னு நெனைக்காதீங்க, அதுல ஒண்ணு துபாய்க்கு பெட்டில போகும், அங்க ஒருத்தருக்கு கழுத்துல தடிப்பு வரும், அப்ப பாட்டல திருப்பிப் பாப்பாங்க.

கொழிஞ்சாம்பாறை பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. லைசென்ஸ் அப்பா பேர்ல ரோல்-ஆனுக்கு இருக்குங்ணா, ஸ்பிரிட்டுக்கு இல்ல, அத தொடப்போறதும் இல்ல.

நேத்து சாயந்தரம் அத்தைய ஒக்கார வச்சு மொத்தத்தையும் படிச்சுக் காட்டுனேன். அந்த லினா கவாலியேரி கதைய ரெண்டு தடவ படிக்கச் சொன்னாங்க. குரல் சுமாருன்னு சொன்னாங்களே அந்த எடத்துல மட்டும் "யாரு சொன்னது, ஆம்பளைங்கதானே"ன்னு கேட்டாங்க. ஃப்ளெமிங் பத்தி ஒண்ணும் சொல்லல, காசு ஓப்பராவுக்கு போச்சுங்கறத மட்டும் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

கல்பாத்தி மாமி இருமுன கதைக்கு சிரிச்சு சிரிச்சு கண்ல தண்ணி வந்துருச்சு. அத்தைக்கும் இதே மாதிரி ஆயிருக்காம், ஸ்கூல் ஆண்டு விழாவுல, சீஃப் கெஸ்ட்டா வந்தவரு சால்வை போத்தறப்ப. அதனாலதான் இத்தனை வருசமா சென்ட்டு தொட்டதே இல்லையாம். எனக்கு இது தெரியவே தெரியாது, சென்ட்டுக்கடை வச்சிருக்கற வீட்டுல. அப்புறம் நீங்க என்ன வாசனைல இருப்பீங்க அத்தைன்னு மாமி கேட்ட கேள்விய அப்படியே கேட்டேன். யோசிச்சுட்டு எந்திரிச்சுப் போயி தம்புரா உறைய எடுத்துட்டு வந்து மோந்து பாருன்னாங்க. பழைய பருத்தித் துணி, உள்ள பூச்சி வராம இருக்க வெட்டிவேரு முடிஞ்சு வச்சிருக்காங்க, அம்மாயி காலத்துல இருந்து வருசா வருசம் மாத்தறது. மரவாசமும் வேர்வாசமும் கொஞ்சம் கற்பூரமும். சின்ன வயசுல அவங்க மடில படுத்துட்டு பாட்டு கேட்ட ஞாபகம் வந்துருச்சுங்க எனக்கு, அதுக்கு மேல ஒண்ணும் பேச முடியல.

இப்ப முடிவு என்னன்னா, 500 இல்ல, 150. ஸ்ப்ரே இல்ல, 8 எம்.எல் ரோல்-ஆன். வெட்டிவேரு, அதுல கொஞ்சூண்டு சந்தனம், மல்லி கெடையாது. அத்தை பேரு பாட்டல்ல வரக்கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டாங்க, துபாய் அண்ணன் மூஞ்சி சுருங்கிருச்சு வீடியோ கால்ல. கடைசில "பாட்டு கிளாஸ்"னு மட்டும் போடலாம்னு ஒத்துக்கிட்டாங்க, அவங்க புள்ளைங்க எல்லாம் அப்படித்தான் கூப்புடுவாங்களாம், பாட்டு கிளாசுக்கு போறேன்னு. வர்ற காசுல அதே ஸ்கூலுக்கு ரெண்டு சுருதிப்பெட்டியும் ஒரு ஆர்மோனியமும், அங்க இருந்தது கட்டை பேசாம கெடக்குதாம்.

இப்ப புதுப் பிரச்சனை. வெட்டிவேர் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியா இருக்கு, சாம்பிள் போட்டுப் பாத்தேன், ரோல்-ஆன் குண்டு சுத்தவே மாட்டேங்குது, கழுத்துல தேச்சா கோடு போட்ட மாதிரி ஒரே எடத்துல ஒட்டுது. என்னத்துல கலக்கறது? நல்லெண்ணெய் போடலாமான்னு அப்பா கேக்கறாரு.

மறையூர்க்காரன்

நல்லெண்ணெய் வேணாம்பா, அதுக்கே ஒரு வாசம் இருக்கு, நாள் ஆனா சிக்கு வாடையும் வரும், கழுத்துல எள்ளுருண்டை மணக்கும். ஃப்ராக்ஷனேட்டட் தேங்காயெண்ணெய்னு கேளுங்க, தண்ணி மாதிரி இருக்கும், வாசமில்ல, பனில உறையாது, சீக்கிரம் கெடாது. மொதல்ல வெட்டிவேர் எண்ணெய் பாட்டல வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் நிறுத்துங்க, எளகும், அப்ப சந்தனத்த கலந்துட்டு பெறகு தேங்காயெண்ணெய்ல சொட்டு சொட்டா விட்டு கலக்குங்க. பத்து நாள் இருட்டுல வச்சுட்டு மோந்து பாருங்க, மொத நாள் இருக்கற மண்ணு வாடை கொஞ்சம் அடங்கி இருக்கும். வேர காய்ச்சறதே ஒரு நாள் முழுக்க தீ எரியணும், அதுக்கு பொறுமை பழக்கம்தான், உங்களுக்கும் பத்து நாள் பொறுமை வேணும்.

ரோல்-ஆன் குண்டு எவர்சில்வர்ல வர்றத வாங்குங்க, பிளாஸ்டிக் குண்டு இந்த எண்ணெய்க்கு ஒழுகும், நாங்க பட்டிருக்கோம்.

கல்பாத்தி மாமி

ஒண்ணு நேக்கு எடுத்து வையுங்கோ. காசு குடுத்துத்தான் வாங்குவேன். போட்டுண்டு ஒரு கல்யாணி பாடிப் பாத்துட்டு சொல்றேன், இருமல் வந்தா திருப்பி அனுப்பிடுவேன்.